வாய்திறவா வகுப்பும் செய்திக் காணொளியும்

ஆங்கிலப் பேச்சாற்றலை வளர்ப்பதற்குச் செய்திக் காணொளியை விஞ்சிய சாதனம் பிறிதில்லை என்னும் நம்பிக்கை அண்மைக் காலத்தில் நமது பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் வேரூன்றி வருகின்றது. விரிவுரை மண்டபத்துச் சுவரிலே பி.பி.சி. செய்தியாளர் ஒருவர் தோன்றுகின்றார். இருபது நிமிடம் பேசி மறைகின்றார். பின்னர் விரிவுரையாளர் ஐந்தாறு வினாக்களை விடுக்கின்றார். முன்வரிசையில் இருக்கும் இருவர் மூவர் விடையிறுக்கின்றனர். ஏனையோர் குறிப்பெழுதுவது போலத் தலைகுனிந்திருக்கின்றனர். நேரசூசியிலே இதற்குப் 'பேச்சுப் பயிற்சி' என்று பெயர். செய்திக் காணொளியை வகுப்பிலிருந்து அகற்றவேண்டும் என்று கூற நாம் வரவில்லை. அதனைக் கையாளும் முறை பிழையானது என்பதும், அப்பிழையின் சுமை பெரும்பாலும் வாவியின் மேற்கரையிலிருந்து வரும் மாணவர் மீதே விழுகின்றது என்பதுமே நமது முறைப்பாடு.

முதலிலே ஒரு சிறு கணக்கு. அறுபது மாணவர் உள்ள வகுப்பு. அறுபது நிமிடப் பாடம். காணொளிக்கு இருபது நிமிடம். வரவைப் பதிவதற்கும் கருவியை இயக்குவதற்கும் பத்து நிமிடம் (இது மின்சாரம் தடைப்படாத நாளில்). எஞ்சிய முப்பது நிமிடத்திலே பாதியை விரிவுரையாளரின் பேச்சு எடுத்துக்கொள்ளும் எனக் கொண்டால் மாணவருக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். அதாவது தலைக்குப் பதினைந்து விநாடி. வாரம் ஒரு பாடமாகப் பதினைந்து வாரம் நடைபெறும் ஓர் அரையாண்டில் ஒரு மாணவர் ஆங்கிலத்தில் வாய்திறக்கும் நேரம் நான்கு நிமிடத்தைத்தானும் எட்டாது. அதுவும் சமமாகப் பங்கிட்டால்! பங்கு சமமாக அமைவதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். நகரத்துப் பாடசாலையிலிருந்து வந்த மூவர் பேசுகின்றனர். ஐம்பத்தேழு பேர் கேட்கின்றனர்.

"கேட்கட்டுமே, கேட்கக் கேட்கப் பேச்சுத் தானாக வரும்" என்பர் இம்முறையின் ஆதரவாளர். இக்கூற்றுக்கு ஓர் அறிஞரின் ஆதரவும் உண்டு. விளங்கக்கூடிய மொழியை ஏராளமாக உட்கொள்பவர் அம்மொழியைத் தாமே அடைவர் என்று 1980களில் அமெரிக்கரான ஸ்ரீபன் கிரஷன் வாதிட்டார். ஆனால் அதே பத்தாண்டிலேயே, 1985 இல், கனடாவின் மெரில் ஸ்வெயின் அதற்கு வலுவான மறுப்பொன்றை முன்வைத்தமையை நம்மவர் வசதியாக மறந்துவிடுகின்றனர். கனடாவிலே ஆங்கிலக் குடும்பங்களின் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியிலேயே பாடங்களைக் கற்கும் பாடசாலைகளில் பயின்றனர். பல ஆண்டுகளாக நாள்தோறும் பிரெஞ்சைக் கேட்ட அப்பிள்ளைகள், கேட்டு விளங்குவதிலே பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கினர். பேசும்போதோ இலக்கணத்தில் வெகுவாகப் பின்தங்கி நின்றனர். காரணம், வகுப்பிலே நீண்ட வாக்கியங்களைத் தாமே ஆக்கிப் பேசவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை என்பதே. ஆண்டுக்கணக்கில் கேட்ட கனடியப் பிள்ளைக்கே கைகூடாதது, வாரம் இருபது நிமிடம் கேட்கும் கொக்கட்டிச்சோலை மாணவனுக்கு எவ்வாறு கைகூடும்?

மேலும், செய்தியாளரின் மொழி பேச்சு மொழியே அன்று. நமது வானொலி மரபு இவ்வகையில் நேர்மையானது. அது அவரைச் 'செய்தி வாசிப்பவர்' என்றே அழைத்து வந்துள்ளது. அவர் முன்னால் எழுதப்பட்ட ஒன்று ஓடிக்கொண்டிருக்கின்றது; அதனை அவர் பிசகாமல் வாசிக்கின்றார். வாழ்க்கையிலே மனிதர் பேசும் பேச்சுக்கு வேறு இயல்புகள் உண்டு. பேசுபவர் தயங்குவார், பாதியில் நிறுத்தித் திருத்துவார், சொல் அகப்படாதபோது சுற்றி வளைப்பார், எதிரிலிருப்பவர் முகம் சுளித்தால் வேறு விதமாகச் சொல்வார். இத்தயக்கங்களை எல்லாம் கழித்துவிட்ட ஒரு மொழியை முன்மாதிரியாக நிறுத்தி, "இவரைப் போலப் பேசு" என்று கூறினால், தயக்கத்தைக் குற்றமென்றே மாணவர் கருதுவர். தயக்கம் குற்றமெனின் மௌனமே பாதுகாப்பு. வேகத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் உளர். அமெரிக்கக் குரல் வானொலி 1959 இலேயே ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் அடங்கிய மெதுவான ஆங்கிலச் செய்தியை ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. கேட்பதற்கு அது நல்ல துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்மெதிரே இருக்கும் வினா, கேட்டவர் திரும்ப என்ன சொன்னார் என்பது.

நமது மாணவரின் மௌனத்திற்கு மொழியறிவின் குறைவை மட்டும் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. மட்டக்களப்புக்கு ஆங்கிலம் பிந்தி வந்த மொழியன்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 இலே இங்கு வந்து பாடசாலை நிறுவினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. காரைதீவிலே 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பின் ஆங்கிலப் பாடசாலைகளிலே பயின்றவர். பிற்காலத்தில் இமயமலைச் சாரலிலிருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராகப் பணியாற்றியவர். யாழ்நூலைத் தந்த அதே கை ஆங்கிலத்திலும் தயக்கமின்றி எழுதியது என்பதை, ஆங்கிலம் பேசினால் தமிழ் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோர் மனங்கொள்ளவேண்டும்.

எனினும் அந்த ஆங்கிலம் பெரும்பாலும் புளியந்தீவிலும் எழுவான்கரையின் சில ஊர்களிலுமே தங்கிவிட்டது. வாவியைக் கடந்து படுவான்கரைக்கு அது செல்லவில்லை. கல்லடியில் 1924 இலேயே பாலம் அமைந்தது. மண்முனைத் துறையிலோ 2014 வரை மக்கள் 'பாதை'யில் ஏறித்தான் கரை சேர்ந்தனர். பாடசாலைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆங்கில ஆசிரியரின்மை படுவான்கரைப் பாடசாலைகளின் பழங்குறை. இலவசக் கல்வியும் சுயமொழிப் போதனையும் அப்பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை கொணர்ந்தன. அது சிறிய சாதனையன்று. வாசலைத் தாண்டியதும் விஞ்ஞானம், விவசாயம், வைத்தியம் ஆகியவற்றைக் கற்போரை ஆங்கிலப் போதனாமொழி எதிர்கொள்கின்றது. தமிழிலே பயிலும் கலைப்பீடத்தவரை அது பட்டத்தின் பின் நேர்முகப் பரீட்சையில் எதிர்கொள்கின்றது. 1987 இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை 'இணைப்பு மொழி' என்றது. சிங்கள மாணவர் நெடுங்காலமாக அதனைக் 'கடுவ' என்று, அதாவது வாள் என்று அழைத்து வந்துள்ளனர். திரு கந்தையா 1984 இலே எழுதிய கட்டுரையொன்று அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டது. இணைப்பென்று சட்டம் சொன்னதை வெட்டென்று மாணவர் உணர்ந்தனர். வாளைக் கையில் வைத்திருப்பவனைக் கண்டு ஒருவன் அஞ்சுகின்றான். அவனே வாளை எடுக்க முயன்றால் சக மாணவரின் ஏளனத்துக்கு அஞ்சுகின்றான். இந்த இரட்டை அச்சத்தின் நடுவே உட்கார்ந்திருப்பவனுக்குச் சுவரிலே இலண்டன் உச்சரிப்பைக் காட்டுவது வாளை இன்னும் சற்றுத் தீட்டிக் காட்டுவதாகும்.

யாருடைய செய்தி என்ற வினாவை இனியேனும் எழுப்பவேண்டும். வாஷிங்டனிலே நடைபெறும் தேர்தலைப் பற்றியோ இலண்டன் பங்குச் சந்தையைப் பற்றியோ வகுப்பிலே காணொளி ஓடும்போது மாணவருக்குச் சொந்தமாகச் சொல்வதற்கு எதுவும் இல்லை. செய்தியாளர் சொன்னதைத் திரும்பச் சொல்லலாம், அவ்வளவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999 இலே வெளியிட்ட நூலிலே இதற்கு நெருக்கமான ஒரு நிலைமையை விவரித்துள்ளார். போர்க்காலத்து யாழ்ப்பாண மாணவர் அமெரிக்கப் பாடநூலொன்றைக் கொண்டு ஆங்கிலம் கற்கவேண்டியிருந்தது. அந்நூலின் மாந்தர் வாழ்ந்த உலகம் அவர்களுக்கு அந்நியமானது. மாணவர் வகுப்பிலே அடங்கியிருந்தனர். ஆனால் பாடநூலின் ஓரங்களிலே படம் வரைந்தும் வசனம் எழுதியும் திரைப்படம், காதல், போராட்டம் என்று தம் உலகத்தைப் புகுத்தியிருந்தனர். சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருந்தது. பாடம் அதனைக் கேட்கவில்லை. பாடநூலுக்காவது எழுதுவதற்கு ஓரம் இருந்தது. சுவரிலே ஓடும் காணொளிக்கு அதுவும் இல்லை.

நமது கரை ஆங்கிலச் செய்தியிலே இடம்பெறாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆந் திகதிக்குப் பின் கல்லடிக்கும் நாவலடிக்கும் ஒளிப்படக் கருவிகள் வந்தன. 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதி சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது மீண்டும் வந்தன. பெரும்பாலும் மரணத்தோடு மட்டுமே நாம் செய்தியாகின்றோம் என்பது ஒருபுறமிருக்க, அவ்வேளைகளில் நமக்காகப் பேசியவர் யார்? ஆங்கிலம் தெரிந்த சிலர். சுனாமிக்குப் பின் வந்த தொண்டு நிறுவனங்களின் கூட்டங்களிலே, எத்தனை வள்ளம் போயிற்று, எவ்வகை வலை தேவை என்பதை நன்கறிந்தவர் மீனவர். அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தவரோ வலை பிடித்து அறியாதவர். இடையிலே எவ்வளவு கழிந்தது, எவ்வளவு திரிந்தது என்பதை எவரும் அளக்கவில்லை. ஆங்கிலப் பேச்சாற்றல் என்பதை வேலைவாய்ப்பு என்ற ஒற்றைச் சொல்லால் மட்டும் விளக்குவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். (அத்தகைய துயரச் செய்திகளை வகுப்பிலே காட்டுவது வேறு விடயம். தாயை நாவலடியிலே இழந்தவர், பிள்ளையைத் தேவாலயத்திலே இழந்த வீட்டிலிருந்து வருபவர் அதே மண்டபத்தில் இருக்கக்கூடும். பாடத்திற்காக அவர்களின் புண்ணைத் திறக்க எவருக்கும் உரிமையில்லை.)

எனவே காட்டத்தக்கது எது? மாணவர் செய்தியாளரைவிட அதிகமாக அறிந்திருக்கும் செய்தி. ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவி முகத்துவாரத்தில் கடலோடு கலக்கின்றது. வறட்சிக் காலத்தில் அவ்வாய் மணலால் அடைபட்டுவிடும். வடகீழ்ப் பருவ மழை கனத்து வாவி நிரம்பினால் மணற்றிடலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கை மூழ்கடித்தது போன்ற வெள்ளங்களின்போது முகத்துவாரம் தொலைக்காட்சிக்கும் செய்தியாகின்றது. ஆங்கிலச் செய்தியில் இதற்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். வெள்ளநீர் திறந்துவிடப்பட்டது, தாழ்நிலங்கள் காப்பாற்றப்பட்டன என்று செய்தி வாசிப்பவர் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

அந்த ஒன்றரை நிமிடத்தை முதலில் ஒலியின்றிக் காட்டுக. இருவர் இருவராக அமர்ந்த மாணவரில் ஒருவர் திரையைப் பார்த்துக் காண்பதை ஆங்கிலத்தில் சொல்லட்டும். மற்றவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கட்டும். காணாதவருக்குக் காண்பவர் சொல்லும்போதுதான் சொல்லவேண்டிய தேவை பிறக்கின்றது. அதன்பின் ஒலியோடு காட்டுக. தாம் தேடி அகப்படாத சொல் செய்தி வாசிப்பவரின் வாயிலிருந்து வரும்போது மாணவர் அதனைப் பிடித்துக்கொள்வர். பட்டியலிட்டு மனனம் செய்விக்கும் சொல்லுக்கு இந்தப் பிடிப்பு இராது. பின்னர்தான் உண்மையான பாடம் தொடங்குகின்றது. வெல்லாவெளியிலிருந்து வந்த மாணவி, முகத்துவாரத்தை ஒரு வாரம் முந்தி வெட்டியிருந்தால் தமது வட்டையில் நெல் அழுகியிராது என்பார். பாலமீன்மடு மாணவர், வெட்டியதும் வாவியில் வளர்ந்த மீனும் இறாலும் நீரோடு போய்விடும், தமது வீச்சுவலைக்கு எஞ்சுவது என்ன என்பார். 'வட்டவிதானை' யார் என்பதை அம்மாணவி ஆங்கிலத்தில் சொல்லவேண்டிவரும். அதற்கு நிகரான ஆயத்தச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. வயற்கண்டத்து விவசாயிகளால் தெரிவுசெய்யப்பட்டவர், நீர் விடுவதையும் வேலி கட்டுவதையும் மேற்பார்ப்பவர் என்று தாமே கட்டி எழுப்பவேண்டும். 'போடியார்' என்ற சொல்லும் அப்படியே. சொல் இல்லாத இடத்தைத் தன் சொற்களால் கடப்பவர்தாம் பேசக் கற்றவர். செய்தி வாசிப்பவருக்கு அந்தத் தொல்லை என்றும் நேர்வதில்லை.

சொன்னதையே மீளச் சொல்வது சலிப்பைத் தரும் என எண்ணவேண்டாம். கீத் மோரிஸ் 1983 இல் முன்வைத்து, நியூசிலாந்தின் போல் நேஷன் பின்னர் பரவலாக்கிய ஒரு முறை உண்டு. ஒரே விடயத்தை ஒருவருக்கு நான்கு நிமிடத்திலும், வேறொருவருக்கு மூன்று நிமிடத்திலும், மூன்றாமவருக்கு இரண்டு நிமிடத்திலும் சொல்லவேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர். ஆதலால் சொல்பவருக்குச் சலிப்பில்லை. நேரம் குறையக் குறைய நா தடுமாறுவது குறையும். முன்னர் காட்டிய கணக்கை இதனோடு ஒப்பிடுக. அறுபது பேரும் இருவர் இருவராக இவ்வாறு பேசினால் ஒவ்வொருவருக்கும் ஒரே பாடத்தில் ஒன்பது நிமிடம் கிடைக்கின்றது. பழைய முறையில் ஓர் அரையாண்டிற் பெறுவதைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல்.

செய்தி மொழியை விமர்சிக்கவும் இம்முறையிலே இடமுண்டு. ஆங்கிலச் செய்தி செயப்பாட்டு வினையை விரும்பும். மக்கள் வெளியேற்றப்பட்டனர், காணிகள் சுவீகரிக்கப்பட்டன, வலைகள் பறிமுதல் செய்யப்பட்டன. யாரால் என்பது வாக்கியத்தில் இராது. நமது தமிழ்ப் பத்திரிகைகளும் இக்கலையிலே பின்தங்கியவையல்ல. அத்தகைய ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, செய்தவரை எழுவாயாக வைத்து மாணவர் மீளச் சொல்லட்டும். இலக்கண வகுப்பிலே உறங்குவோர் இங்கு விழித்துக்கொள்வர். ஏனெனில் எழுவாயைத் தேடும்போது அவர்கள் தேடுவது ஒரு பொறுப்பாளியை.

உச்சரிப்புப் பற்றி ஒரு சொல். 2009 ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனஞ் செய்தபோது, 'நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம்' என்ற சுலோகமும் எழுந்தது. பிழைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றார்கள் என்று கொழும்பிலே சிலர் கொதித்தனர். அவர்களின் கொதிப்பை நாம் பொருட்படுத்தவேண்டியதில்லை. விளங்கும்படி பேசுவதும் இலண்டனாரைப் போலப் பேசுவதும் வெவ்வேறு இலக்குகள். முன்னையது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்குள் அடையத்தக்கது. பின்னையதை இலண்டனின் பாதிப்பேர்கூட அடைந்திலர். ஆயினும் அச்சுலோகம் வகுப்பின் அமைப்பைத் தொடாமல் சுலோகமாகவே நின்றது என்ற குறையை நாம் சொல்லத்தான் வேண்டும்.

நாம் கூறும் முறைக்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது இரைச்சல். முப்பது சோடிகள் ஒருங்கே பேசினால் மண்டபம் சந்தையாகும்; பக்கத்து விரிவுரையாளர் முறையிடுவார். உண்மைதான். மௌனத்தை ஒழுங்கென்றும் ஓசையைக் குழப்பமென்றும் கருதப் பழகிவிட்ட நிறுவனங்களுக்கு மொழி வகுப்பின் ஓசை உவக்காது. வந்தாறுமூலை போன்ற விசாலமான வளாகத்திலே மரநிழலுக்குப் பஞ்சமில்லை. நான்கு பேருக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்தால் ஒன்றரை நிமிடக் காணொளிக்குச் சுவரும் வேண்டா, கருவியும் வேண்டா.

இரண்டாவது ஆட்சேபம் பரீட்சை. இதுவே கனமானது. க.பொ.த. சாதாரண தரத்திலிருந்து நமது ஆங்கிலப் பரீட்சைகள் எழுத்துத்தாளையே நம்பி வந்துள்ளன. புள்ளி கிடைக்காத ஒன்றைப் பயிலுமாறு மாணவரை வற்புறுத்துதல் நியாயமாகாது. ஆகவே பேச்சுக்குப் புள்ளி வழங்கவேண்டும். பெயரளவுக்குப் பத்துப் புள்ளியன்று, ஆங்கிலப் பாடத்தின் மூன்றிலொன்றேனும். முன்னர் காணாத, நம்மூர்ச் செய்திக் காணொளியொன்றை இரண்டு மாணவருக்குக் காட்டி, இரு பரீட்சகர் முன்னிலையில் ஆறு நிமிடம் அவர்கள் ஒருவரோடொருவர் உரையாடச் செய்தல் போதுமானது. ஆட்களும் நேரமும் இல்லை என்று பீடச் சபைகளிலே மறுமொழி வரும். அறுபது மாணவர் முப்பது சோடிகள். சோடிக்கு ஆறு நிமிடம். எல்லாமாக மூன்று மணித்தியாலம். ஒரு முற்பகலில் அது முடிந்துவிடும். அதே அறுபது பேரின் எழுத்துத்தாளைத் திருத்துவதற்கு நாம் செலவிடும் நேரம் இதனிலும் பன்மடங்கு.